ஹோம் பிளேட் மேல் நிறுத்திய குழந்தை வண்டி: ஒசாக்கா ஸ்டேடியம் பற்றி உங்கள் அனுபவம் என்ன?

நம்பா நடையன்:
எட்டு வருஷமாக ஒசாக்காவில் இருக்கிறேன். நம்பா பார்க்ஸ் வணிக வளாகத்துக்கு நூறு தடவையாவது போயிருப்பேன். போன மாதம் மனைவி துணிக்கடைக்குள் போய்விட்டாள். நான் வெளியே இரண்டாவது தளத்து நடைபாதையில் (இங்கே தரைத்தளமே ஒன்று என்று கணக்கு) குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெரியவர், பச்சைத் தொப்பி போட்டவர், தயங்கித் தயங்கி வந்து, கொஞ்சம் நகர முடியுமா என்றார். குனிந்து பார்த்தால், வண்டியின் முன்சக்கரம் தரையில் பதித்த ஒரு ஐங்கோணத்தின் மேல் நிற்கிறது. பேஸ்பாலில் மட்டைக்காரர் பக்கத்தில் நின்று ஆடும் ஹோம் பிளேட்!

அதன் மேல் ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நேராக நடந்து, எதிரே பதித்திருந்த இன்னொரு அடையாளத்தில் நின்றார். அது பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடமாம். முப்பது காலடி. நடுவில் 18.44 மீட்டர், நம் கிரிக்கெட் பிட்ச்சைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் குறைவு.

இந்த வளாகம் வருவதற்கு முன் இதே இடத்தில், போரில் எரிந்துபோன புகையிலைத் தொழிற்சாலை இருந்த நிலத்தில், 1950-இல் எழுந்தது ஒசாக்கா ஸ்டேடியம். நான்காய் ரயில் கம்பெனியின் பேஸ்பால் அணியான ஹாக்ஸுக்குச் சொந்த மைதானம். நகரத்து நடுவில் இடம் நெருக்கடி என்பதால் இருக்கை வரிசைகளைச் செங்குத்தாக ஏற்றிவிட்டார்கள். ஜப்பானியர்கள் இதை 'சுரிபாச்சி' என்பார்கள், எள் அரைக்கும் சட்டி. நாமாக இருந்தால் ஆட்டுக்கல் குழி என்றிருப்போம். அப்பாவோடு மேல் வரிசையில் உட்கார்ந்தால் கீழே விழுந்துவிடுவோமோ என்று கால் கூசும் என்றார் பெரியவர்.

1988-இல் கம்பெனி அணியை விற்றுவிட்டது. வாங்கிய டைய்ஏ நிறுவனம் அதை ஃபுகுவோகாவுக்குக் கொண்டுபோனது. அக்டோபர் 15-ஆம் தேதி இங்கே கடைசி ஆட்டம். முடிந்ததும் மேனேஜர் சுகியுரா தடாஷி மைக்கில் பேசினார். 1959-இல் ஜப்பான் தொடரின் (வருஷத்தின் இறுதிப் போட்டித் தொடர்) நாலு வெற்றியையும் தன் கையாலேயே வீசி யோமியுரி ஜயன்ட்ஸை மண்ணைக் கவ்வ வைத்த அதே சுகியுரா. கடைசியாகச் சொன்னது 'இத்தே மாயிரிமாசு'. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் "போயிட்டு வரேன்" என்போமே, அச்சு அசல் அதே சொல். "வரேன்னு சொன்னாங்க தம்பி, வரலை" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார் பெரியவர். என் ஜப்பானிய மொழிக்கு அவ்வளவுதான் பிடிபட்டது.

வேறு யாராவது இந்த ஸ்டேடியத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

பழைய பாஸ்போர்ட்:
பார்த்திருக்கிறேன் தம்பி, ஆனால் ஆட்டம் இல்லை, வீடு. 1994-இல் பயிற்சிக்காக ஆறு மாதம் ஒசாக்காவில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே போனால் மைதானம் முழுக்க மாதிரி வீடுகள்! தெருவே இருக்கிறது, வாசலில் செடி இருக்கிறது, சுற்றிலும் ஆளில்லாத இருக்கை வரிசைகள். அணி போன பிறகு சும்மா கிடக்க வேண்டாமென்று வீட்டுக் கண்காட்சிக்கு விட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். சமையலறை ஜன்னலைத் திறந்தேன். எதிரே முப்பதாயிரம் பேர் உட்கார வேண்டிய இடம், ஒரு காக்கா கூட இல்லை. விற்பனைப் பெண் கேஸ் அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 1998-இல் இடித்துவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். இதே மைதானத்தில்தான் 1987-இல் மடோனாவும் மைக்கேல் ஜாக்சனும் பாடினார்கள் என்றால் என் பையன் நம்பவே மாட்டேன் என்கிறான்.

கேட்சர் கண்ணன்:
நடையன், அந்த ஐங்கோணத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? நோமுரா கட்சுயா. பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்துகொண்டே வாழ்நாளில் 657 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். 1970-இலிருந்து ஆட்டக்காரரும் அவரே, மேனேஜரும் அவரே. சொந்த வாழ்க்கை விவகாரம் பெரிதாகி 1977-இல் அவரை அனுப்பிவிட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்பா பார்க்ஸ் ஒன்பதாவது தளத்தில் ஹாக்ஸ் நினைவுக் கூடம் இருக்கிறது. சில வருஷம் முன்பு போனபோது நோமுராவைத் தேடு தேடென்று தேடினேன். ஒரு படம் இல்லை, பெயர் கூட இல்லை! அவர் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்றுதான் பேச்சு. அவர் 2020-இல் இறந்தார். பழைய ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் சேர்ந்து பணம் திரட்டி, 2021 பிப்ரவரியில் அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். நாற்பத்துச் சொச்சம் வருஷக் கோபம்.

இன்னொன்று. பழைய வேகம் போய்விட்ட பிட்சர் எனட்சு யுடாகாவை, ஆட்டத்தின் கடைசியில் மட்டும் வந்து வீசு என்று 1977-இல் இங்கே மாற்றியவர் நோமுரா. நோமுரா போனதும் எனட்சுவும் ஹிரோஷிமா அணிக்குப் போய்விட்டார். 1979 ஜப்பான் தொடரின் ஏழாவது ஆட்டம், இதே மைதானம். கின்டெட்சு அணி தன் மைதானத்தில் விளக்கு இல்லாததால் இதைக் கடன் வாங்கியிருந்தது. 4-3 என்று ஹிரோஷிமா முன்னிலை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஓட்டம் எடுக்க ஓடும் மூன்று பேஸிலும் கின்டெட்சு ஆள், ஒருவர் கூட அவுட் இல்லை. அந்த இன்னிங்ஸில் 21 பந்து வீசி எனட்சு கதையை முடித்தார். என்னைக் கேட்டால் உலகத்திலேயே சிறந்த அரைமணி நேரம் அதுதான். சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

ஃபுகுவோகா மாமி:
சண்டைக்கெல்லாம் வரலை கண்ணா. போன அணி எங்கே வந்து இறங்கிற்று என்று சொல்கிறேன். 1989-இலிருந்து நாலு வருஷம் ஹாக்ஸ் ஆடியது எங்கள் ஊர் ஹெய்வாடாய் ஸ்டேடியத்தில், கோட்டைக்குள்ளே. அதையும் இடித்தாயிற்று. காரணம் வேடிக்கை. 1987-இல் அவுட்ஃபீல்ட் இருக்கைகளைப் பழுதுபார்க்கத் தோண்டினார்கள், கீழே கொரோகான். சீனா, கொரியாவிலிருந்து வந்த தூதர்களைத் தங்கவைத்த ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட விருந்தினர் மாளிகை! சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி என்று என்னென்னவோ கிடைத்தது. கழிப்பறைக் குழிகூட. அப்போது துடைத்துக்கொள்ளப் பயன்படுத்திய குச்சிகளோடு. அதைப் பார்க்கப் போனபோது, அந்தப் பகுதிக்கு வந்ததும் என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஆகிவிட்டதம்மா என்றால் கேட்டால்தானே.

நம்பா நடையன்:
மாமி, சாப்பிட்டுக்கொண்டே படித்தது என் தப்பு. கண்ணன் அண்ணா, நேற்று அந்த ஒன்பதாவது தளத்துக்குப் போய்வந்தேன். நோமுரா இருக்கிறார். வரும் வழியில் இரண்டாவது தளத்தில் ஐங்கோணத்தின் மேல் யாரோ ஒருவர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் மாதிரி பிட்சர் இடத்திலிருந்து திரும்பி எண்ணிப் பார்த்தேன். இருபத்தைந்து காலடி. ஐஸ்கிரீம்காரர் தானாகவே விலகிக்கொண்டார்.