அளந்த சாலையா, கணக்கில் பிறந்த சாலையா? சஸ்பென்ஷன் சிமுலேஷனுக்கு எது?

சுருள்வில்:
டேம்பர் (ஷாக் அப்சார்பர்) தேர்வுக்காக ஒரு குவார்ட்டர் கார் மாடல், அதாவது ஒரு சக்கரமும் அதன்மேல் கால் பங்கு காரும் மட்டும் உள்ள மாடல், ஓட்டுகிறேன். சாலைக்கு, கரடுமுரடை வகுப்பு பிரிக்கும் தரநிலையான ஐஎஸ்ஓ 8608, சி வகுப்பு. மீட்டருக்கு 0.01 சுழற்சியில் தொடங்கி 1 வரை, 0.01 இடைவெளியில் நூறு சைன் அலைகள், ஒவ்வொன்றுக்கும் ரேண்டம் ஃபேஸ் (அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது குலுக்கல்). வேகம் 72 கி.மீ. ரிவ்யூவில் "இது சாலையே இல்லை, அளந்த டேட்டா கொண்டு வா" என்று திருப்பிவிட்டார்கள். இரண்டு டேம்பரில் எது நல்லது என்று பார்க்க இது போதாதா?

அலைவரிசை:
தாராளமாகப் போதும். அளந்த சாலை என்பது ஒரு சாலை, ஒரு தடம், ஒரு நாள். அதற்கு ஏற்ற மாதிரி டேம்பரை டியூன் செய்தால் பக்கத்துச் சாலையில் பல்லிளிக்கும். கணக்கில் உருவாக்கினால் ஒரே வகுப்பில் வேண்டிய அளவு சாலைகள் கிடைக்கும். தவிர, லேசர் அளவீட்டைக் கோயில் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொள்ளக் கூடாது. அது ஒவ்வொரு கீறலையும் பதிவு செய்யும், டயர் அதன்மேல் சும்மா படர்ந்து போய்விடும். நீண்ட அலைகளையோ ஃபில்டர் முன்பே வெட்டியிருக்கும்.

பள்ளம்பார்த்தவன்:
அலைவரிசை சார், சி வகுப்பு சாலையில் அரை மீட்டர் தள்ளியுள்ள இரண்டு புள்ளிகளை எடுங்கள். உயர வித்தியாசத்தின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) எவ்வளவு? வகுப்பின் கரடு அளவுக்கான நடு மதிப்பு 256 × 10⁻⁶ கன மீட்டரை வைத்துப் போட்டால் 5 மி.மீ. வாக்கில் வரும். இப்போது அரை மீட்டருக்குள் 50 மி.மீ. இறங்கும் ஒரு குழி. அது பத்து சிக்மா, வழக்கமான விலகலைப் போலப் பத்து மடங்கு. காஸியன் சாலையில், அதாவது உயரங்கள் மணி வடிவப் பரவலில் அமையும் உங்கள் சாலையில், ஆயுளுக்கும் ஓட்டினாலும் எதிர்ப்படாது. நிஜச் சாலையில் அது அபூர்வமா?

குழி தொலைந்துபோகிற இடம் அந்த ரேண்டம் ஃபேஸ்தான். எல்லா அலைகளும் ஒரே இடத்தில் கைகோத்தால்தான் குழி. பிஎஸ்டி, அதாவது எந்த நீள அலைக்கு எவ்வளவு பலம் என்ற கணக்கு, அலையின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஃபேஸைத் தூக்கி எறிந்துவிடுகிறது. ஒரே பிஎஸ்டி உள்ள இரண்டு சாலைகளில் ஒன்று முழுக்க ஒரே சீராகக் கரடாகவும், இன்னொன்று பெரும்பாலும் மழமழவென்று, நடுவே நாலு குழியோடும் இருக்கலாம்.

அலைவரிசை:
கேட்டது டேம்பர் ஒப்பீடு சார், சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம் எப்போது முறியும் என்று அல்ல. சொகுசுக்குப் பார்ப்பது பாடி ஆக்சிலரேஷனின் ஆர்எம்எஸ். மாடல் லீனியர் (சாலை இரட்டித்தால் அசைவும் இரட்டிக்கும்) என்றால் அந்த எண்ணுக்கு பிஎஸ்டி தவிர வேறொன்றும் தேவையில்லை, குழி எங்கே இருக்கிறது என்பது அதில் ஏறவே ஏறாது. குழி வேண்டுமென்றால் தனி நிகழ்வாகப் போடுங்கள்.

பள்ளம்பார்த்தவன்:
மாடல் லீனியர் என்றால்! டேம்பரே லீனியர் இல்லை. அமுங்கும்போது ஒரு விசை, விரியும்போது ஒரு விசை. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட்டுவிட்டால் கதையே வேறு. அதோடு எத்தனை குழி, எவ்வளவு ஆழம் என்று யார் சொல்வது? அதற்கு அளந்த சாலைக்குத்தானே போக வேண்டும்? உலோகச் சோர்வில் சேதம் சுமையின் 5-ஆம் அடுக்கில் ஏறும் என்று வைத்தால், சுமை இரட்டித்தால் சேதம் 32 மடங்கு. நாலு குழிதான் தீர்ப்பு எழுதும்.

இருதடம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் ஒற்றைச் சக்கரத்திலேயே மல்லுக்கட்டுகிறீர்கள். முழு காருக்குப் போனால் இடது வலதுக்கு ஒரே சாலையைக் கொடுப்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) பூஜ்ஜியம், அதைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் சும்மா உட்கார்ந்திருக்கும். தனித்தனி ரேண்டம் கொடுத்தால் ஐம்பது மீட்டர் அலையில்கூட இரண்டு பக்கமும் எதிரெதிராக ஆடும். எந்தச் சாலையும் அப்படி இருக்காது. நீண்ட அலையில் இரண்டு தடமும் ஒன்றாகவும், குட்டை அலையில் தனித்தனியாகவும் போக வேண்டும். டாட்ஸ், ராப்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார்கள்: சாலை எந்தத் திசையிலும் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், ஒற்றைத் தடத்தின் பிஎஸ்டியிலிருந்தே இரண்டுக்கும் உள்ள உறவு வந்துவிடும்.

சுருள்வில், உங்கள் இடைவெளி 0.01. அதாவது 100 மீட்டருக்கு ஒருமுறை அதே சாலை அச்சு அசலாகத் திரும்ப வரும். கவனித்தீர்களா?

சுருள்வில்:
நான் ஓட்டுவதே 5 நொடி மேடம். 72 கி.மீ. வேகத்தில் சரியாக 100 மீட்டர். திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

இருதடம்:
பாடி ஒரு ஹெர்ட்ஸ் பக்கம் ஆடும். 5 நொடியில் ஐந்து ஆட்டம். அதில் எடுத்த ஆர்எம்எஸ்ஸை வைத்து டேம்பர் தேர்வா? ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் சீட் (seed) எண்ணை மாற்றிப் பாருங்கள், ஜெயித்த டேம்பர் தோற்கும்.

அலைவரிசை:
இதில் மேடம் பக்கம்தான் நானும். இடைவெளியைக் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் வையுங்கள், நீளத்தைக் கூட்டுங்கள். மேல் எல்லையை 1-இல் நிறுத்தாதீர்கள், தரநிலை 2.83 வரை போகிறது. 36 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் உங்கள் சாலை 10 ஹெர்ட்ஸோடு தீர்ந்துவிடும். சக்கரத் துள்ளல் 12 பக்கம் இருந்தால் அது தூங்கிக்கொண்டே இருக்கும், எந்த டேம்பரும் நல்லதாகத்தான் தெரியும்.

பள்ளம்பார்த்தவன்:
அப்படியே, கரடு அளவு துண்டுக்குத் துண்டு மாறுகிற லாப்லாஸ் மாடலையும் போடுங்கள். அளந்த டேட்டா இல்லாமலே கர்ட்டோசிஸ் (அபூர்வமான பெரிய மேடு பள்ளங்கள் எவ்வளவு என்று காட்டும் எண்) காஸியனின் 3-ஐத் தாண்டும்.

அலைவரிசை:
பாருங்கள், நீங்களே அளக்காத சாலைக்கு வந்துவிட்டீர்கள்.

பள்ளம்பார்த்தவன்:
எவ்வளவு தாண்டணும் என்பதை அளந்துதான் வைக்கணும் சார்.