பழைய பி450 போர்டில் ரைசன் 5600 ஓடுமா?

கேள்வி: வணக்கம். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கும் தம்பிக்காகக் கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ரைசன் 5 5600 பிராசசர் வாங்கியாகிவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு பழைய பி450 மதர்போர்டு பார்த்தேன். இரண்டும் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்), அது போதும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை.

பதில் 1: சாக்கெட் மட்டும் பொருந்தினால் போதாது. இதே ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். விசிறி சுற்றும், கார்டு இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். பி450 வந்தது 2018-இல், 5600 வந்தது 2022-இல். பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் புது பிராசசரை போர்டுக்கு அடையாளமே தெரியாது. நண்பரின் ரைசன் 2600-ஐக் கடன் வாங்கிப் போட்டு, பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் உயிர் வந்தது. போர்டு தயாரித்தவர்களின் தளத்தில் உங்கள் மாடலுக்கான சிபியு (பிராசசர்) பட்டியலைப் பாருங்கள். 5600-க்கு நேரே தேவையான பயாஸ் பதிப்பு இருக்கும். போர்டில் அச்சிட்ட ரிவிஷன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம், பிராசசரைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பதில் 2: அண்ணா, 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ இருந்தாலும் படம் வராது. கார்டு வாங்கப் போவதில்லை என்றால், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 5600ஜி எடுங்கள்.

கேட்டவர்: நல்லவேளை, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. 5600ஜி மாற்றித் தருகிறார்களாம்.

பதில் 1: சரி, பட்டியலில் 5600ஜி-க்குத் தனி வரி இருக்கும். அதன் பயாஸ் பதிப்பை மறுபடி பாருங்கள்.