பெட்டியில் வரும் சீன டர்ட் பைக்: வாங்கலாமா, கும்பிடு போட்டுவிடலாமா?

புதுமண்:
டெக்சாஸில் இருக்கிறேன். நண்பரின் பண்ணையில் மண்பாதை நிறைய இருக்கிறது, சனி ஞாயிறு ஓட்ட ஒரு வண்டி வேண்டும். ஷோரூமில் புது ஜப்பான் வண்டிக்கு ஐயாயிரம் டாலருக்குப் பக்கமாகச் சொல்கிறார்கள். இணையத்தில் 229 சிசி சீன வண்டி 1,500 டாலர்தான். இரும்புச் சட்டப் பெட்டியில் வாசலில் இறக்கிவிடுவார்களாம். முன்சக்கரம், ஹேண்டில்பார், பேட்டரியை நாமே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். ஊரில் ஸ்ப்ளெண்டர் ஓட்டியதோடு சரி, ஸ்பேனர் பிடித்து அதிகம் பழக்கமில்லை. என்ன சொல்கிறீர்கள்?

சேற்றுக்கால்:
வேண்டாம் தம்பி. அப்படி ஒன்றை வாங்கி அனுபவித்தவன் நான் (கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டை). மூன்றாவது சவாரியிலேயே பின்சக்கர ஸ்போக்குகள் கலகலத்துப் போய், ரிம் கோட்டமாகிவிட்டது. அதைச் சரிசெய்து மறுபடி காட்டுக்குள் போனேன். முன்சக்கர பேரிங் தூளாகி, குண்டுகள் வெளியே வந்துவிட்டன. இரண்டு மைல் தள்ளிக்கொண்டே வந்தேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆக்சில் நட்டைக் கழற்றும்போதே மரை போய்விட்டது. அது போல்ட்டா, பனைவெல்லமா?

டாப்பெட்:
அண்ணே, உங்கள் பட்டியலில் இன்ஜின் இல்லையே, கவனித்தீர்களா?

அந்த இன்ஜினின் பூர்வீகம் 1976-ல் ஹோண்டா கொண்டுவந்த சிஜி125. பராமரிப்பு சரியாக நடக்காத நாடுகளை மனதில் வைத்தே செய்தது. வால்வைத் திறக்கும் கேம் மேலே, அதற்கொரு செயின் என்ற வம்பே வேண்டாமென்று கேமைக் கீழே வைத்து, வால்வைத் தள்ள நீளக் கம்பி (புஷ்ராட்) வைத்தார்கள். பாகிஸ்தானில் அந்த 125 இன்றும் புதிதாகவே விற்கிறது. சீனத் தொழிற்சாலைகள் அதே அமைப்பை எடுத்து சிலிண்டர் விட்டம் (போர்) 67 மில்லி, பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 65 மில்லி என்று பெருக்கியதுதான் இந்த 229. வண்டியில் ‘250’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவது வியாபாரம், அதை விடுங்கள்.

என்னுடையது நான்கு வருடமாக ஓடுகிறது, இன்ஜின் ஹெட்டைத் திறந்ததில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே ஓட்டவில்லை. இரண்டு வார இறுதி உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) தடவிப் பூட்டினேன். கோன்செட்டுக்கும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ்ஷுக்கும் கிரீஸ் வைத்தேன். நீங்கள் செய்தீர்களா?

சேற்றுக்கால்:
ஓட்டலில் இட்லி கேட்டால் மாவு ஆட்டச் சொல்கிறீர்களே! காசு கொடுத்து வாங்கியது வண்டி, வீட்டுப்பாடம் இல்லை.

கணக்கையும் பாருங்கள். செயின் ஒரு மாதத்தில் நீண்டு தொங்கியது, மாற்றினேன். டயர் கல்போல இருந்ததால் மாற்றினேன். கார்புரேட்டர், பேரிங், பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றினேன். 1,500 டாலர் வண்டி 2,100-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்துக்குப் பழைய ஹோண்டா எக்ஸ்.ஆர். டர்ட் பைக் கிடைத்திருக்கும். அதை விற்றால் போட்டது அப்படியே திரும்ப வரும். என்னுடையதை விற்கப்போனபோது ஒருவர் 500-க்கு வருமா என்று கேட்டார். அதற்கே சந்தோஷமாகக் கொடுத்தேன்.

டாப்பெட்:
விற்பனை விலையில் நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை.

கார்புரேட்டரை மட்டும் தம்பிக்காக விளக்குகிறேன். புகை விதிக்குப் பொருந்தச் சின்ன ஜெட் (பெட்ரோல் போகும் துளை) போட்டு அனுப்புகிறார்கள். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். காலையில் சோக் இல்லாமல் நிற்காது, திராட்டிலை விட்டால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும், இன்ஜின் சூடேறும். ‘சீன வண்டி ஸ்டார்ட் ஆகாது’ என்ற புலம்பலில் நான் பார்த்த வண்டிகளில் பாதி இதுதான். சில டாலர் ஜெட்டில் தீரும்.

மீதிப் பாதி வால்வு இடைவெளி, அதாவது டாப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து). புது இன்ஜினில் வால்வு தன் இருக்கையில் படியப்படிய இடைவெளி சுருங்கும். கவனிக்காமல் ஓட்டினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கிக்கரை மிதித்தால் கம்ப்ரஷனின் எதிர்ப்பு தெரியாது, கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். இன்ஜின் ஆறியபின் ஃபில்லர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். 0.1 மில்லிமீட்டர்கூட வராத இடைவெளி அது. இரண்டு மூடி, ஒரு ஸ்பேனர், அரைமணி நேரம்.

ஆயிலை முதல் 50 மைலிலேயே மாற்றுங்கள். இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது; ஒரு சல்லடையும் சுழலும் கிண்ணமும்தான். எனக்கு முதல் ஆயில் வெள்ளி ஜரிகை மாதிரி மினுமினுத்தது.

ராலிப்பித்து:
‘சீன வண்டி’ என்று பொதுவாகச் சொல்வதே தப்பு. பிஎம்டபிள்யூ எஃப் 850 ஜிஎஸ்ஸின் இன்ஜினைச் செய்துகொடுத்தது சீனாவின் சோங்சிங் நகரத்து லோன்சின் கம்பெனி. கேடிஎம் 790 வண்டிகள் பிற்பாடு சீனாவில் சிஎஃப்மோட்டோ தொழிற்சாலையில் தயாரானவை. 2023 டக்கார் பாலைவன ராலியில் சீனக் கம்பெனி கோவே மூன்று வண்டி இறக்கி, மூன்றும் கடைசிக் கோடுவரை வந்தன!

சேற்றுக்கால்:
கோவேயை 1,500 டாலருக்கு வாங்கித் தாருங்கள், நாளைக்கே வருகிறேன். பிஎம்டபிள்யூ என்றால் தரத்தைக் கேட்டுவாங்க ஆள் இருக்கும். பெட்டி வண்டிக்காரருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? சீனாக்காரருக்குச் செய்யத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லை. இந்த விலைக்கு நல்ல போல்ட் போட மாட்டார் என்கிறேன்.

டாப்பெட், ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜெட், டாப்பெட் எல்லாம் கைக்கு அடங்கும். ஸ்விங் ஆர்மில் வெல்டிங் ஒழுங்காக இறங்கவில்லை என்றால்? அதை எந்த ஸ்பேனரால் சரிசெய்வீர்கள்?

டாப்பெட்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. நான் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துதான் ஓட்டினேன். ஓர் இடத்தில் சந்தேகம் வந்து வெல்டரிடம் மறுபடி பிடிக்கவும் வைத்தேன். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

புதுமண்:
நேற்று பழைய எக்ஸ்.ஆர். ஒன்றைப் பார்க்கப் போனேன். வருடக்கணக்கில் நின்றிருக்கிறது. டேங்கெல்லாம் துரு, பேப்பரும் இல்லை. அவர் கேட்டது 1,900. சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

திட்டாதீர்கள் சேற்றுக்கால் அண்ணா, பெட்டி வண்டிக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை வருகிறது. பேரிங்கை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டுமா?

சேற்றுக்கால்:
ஆசை யாரை விட்டது! வண்டி வந்தபின் வாங்குங்கள். பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6202 என்றிருந்தால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லி. எந்த நாட்டுப் பேரிங்காக இருந்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவுதான். ரப்பர் சீல் இரண்டு பக்கமும் உள்ளதாகக் கேளுங்கள்.

ஸ்விங் ஆர்ம், ஃபுட்ரெஸ்ட், ஹெட் பைப் (சட்டத்தில் ஹேண்டில் பொருந்தும் குழாய்) மூன்றின் வெல்டிங்கையும் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். நாங்கள் பார்க்கும்வரை சாவியைத் தொடக்கூடாது.