வேவ்ஃபார்ம் மாடலை மாற்றினால் லென்ஸ் ஜோடி காணாமல் போகிறது, எதை நம்புவது?

காலாப்பட்டு_மாணவி:
வணக்கம். கருந்துளை ஜோடி இணையும்போது எழும் ஈர்ப்பலையை வழியில் உள்ள நிறை லென்ஸ்போல வளைத்தால், ஒரே இணைவு இரண்டு பிம்பமாக இருமுறை பதிவாகலாம். இரண்டு இரட்டைக் கருந்துளை நிகழ்வுகள் அப்படி ஒரே மூலத்தின் பிம்பங்களா என்று பார்க்க, போஸ்டீரியர் (தரவிலிருந்து கிடைத்த அளவுருப் பரவல்) ஓவர்லாப் போட்டேன். இரண்டுக்கும் ஐஎம்ஆர்ஃபினோம்எக்ஸ்பிஎச்எம் என்ற வேவ்ஃபார்ம் (அலைவடிவ) மாடலின் சாம்பிள் எடுத்தால் பேய்ஸ் காரணியின் மடக்கை நேர்மறை, அதாவது லென்ஸ் ஜோடி. ஒன்றுக்கு மட்டும் எஸ்இஓபிஎன்ஆர் என்ற வேறு மாடலின் சாம்பிள் வைத்தால் எதிர்மறை. நிறைகள் 35 சூரிய நிறையை ஒட்டி. எது சரி?

தேவனாம்பட்டினம்:
இரண்டாவது கணக்கைத் தூக்கிப் போடுங்க. ஒவ்வொரு மாடலுக்கும் தனிச் சாய்வு (ஒரே பக்கமாக விழும் பிழை) உண்டு. இரண்டுக்கும் ஒரே மாடல் என்றால் சாய்வும் ஏறக்குறைய ஒரே பக்கம் போகும், ஓவர்லாப் தப்பிக்கும். கலந்தால் உண்மையான ஜோடியே பிரிந்துவிடும். எஸ்என்ஆர் (சிக்னல்-இரைச்சல் விகிதம்) 10 அளவில் இது பெரிதாகத் தெரியாது. 30 என்றால் போஸ்டீரியர் குறுகிவிடும், மாடல் பிழை குறுகாது.

நிகழ்வுகளின் கேட்டலாக் கோப்பில் மாடல்களைக் கலந்த சாம்பிளும் இருக்கும், அதைப் பயன்படுத்திடாதீங்க. ஸ்பின் சாய்வுக் கோணம் இரண்டிலும் ஒரே குறிப்பு அதிர்வெண்ணில் இருக்கணும். டிடெக்டர் சட்டத்து (சிவப்புப்பெயர்ச்சி சேர்ந்த) நிறைகள், ஸ்பின், நோக்குகோணம், வானிடம் மட்டும் சேருங்க. தூரம் வேண்டாம்: உருப்பெருக்கம் 9 என்றால் தூரம் மூன்றில் ஒரு பங்காகத் தோன்றும். பெருக்கிய போஸ்டீரியர்களைப் பிரையரால் (தரவுக்கு முந்தைய அனுமானப் பரவல்) வகுத்தீங்களா? பலரும் விடுவது அங்கேதான். நிறை விகிதம் 1 என்ற விளிம்பில் கேடிஇ (சாம்பிளை வழவழப்பான பரவலாக்கும் முறை) வெளியே வழியும், பிரதிபலித்துச் சரிசெய்யணும்.

அரியாங்குப்பம்_எக்ஸ்:
வேவ்ஃபார்மை விட எனக்குப் பெரிய கவலை மக்கள்தொகை மாடல், அதாவது கருந்துளை நிறைகள் எப்படிப் பரவியிருக்கு என்ற அனுமானம். 35 பக்கம் கருந்துளைகள் குவிந்து கிடக்கு, அங்கே நிறை ஒத்துப்போவது தற்செயலாகவே நடக்கும். 90 நிகழ்வு என்றால் 4005 ஜோடி! ஜிடபிள்யூ170104, ஜிடபிள்யூ170814 என்ற 2017 நிகழ்வுகள் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போச்சு. ஆனால் இடைவெளி 222 நாள். ஒற்றை விண்மீன் மண்டல லென்சுக்கு நிமிடங்கள் முதல் சில மாதம் வரைதான் இயல்பு. மண்டலக் கொத்து என்று பிரையரை மாற்றினால் நீண்ட இடைவெளிக்கான தண்டனை குறையும். எந்த லென்ஸ் மாடல் என்று எழுதாமல் எண்ணை மட்டும் வெளியிடுவது நியாயமில்லை.

காலாப்பட்டு_மாணவி:
பிரையர் வகுக்கலை, இன்று திருத்துகிறேன். லென்ஸ் பிம்பங்களில் இரண்டாம் வகை என்றால், மாடலில் உயர் மோடு (அலையின் முதன்மையான (2,2) கூறு தவிர்த்த மற்றக் கூறுகள்) அவசியமா?

தேவனாம்பட்டினம்:
ஆமாம். அதில் பை/2 கட்டமாற்றம் வரும். (2,2) மோடு மட்டும் உள்ள மாடல் அதை இணைவுக் கட்டத்துக்குள் விழுங்கிவிடும். நிறை விகிதம் ஏறுமாறாகவும் சுற்றுத்தளம் பக்கவாட்டிலும் இருந்தால் உயர் மோடுகள் வடிவத்தையே மாற்றும், அப்போது பிம்ப வகையைப் பிரிக்கலாம். உங்கள் ஜோடி சமநிறை என்றால் அதிகம் எதிர்பார்க்காதீங்க.

மைக்ரோலென்சிங் (சிறு நிறை லென்ஸ்) வேறு கதை. கடற்கரையில் தூண்டில் வளைவு என்ற கல்தடுப்பின் முனையைத் தாண்டி அலை வளைந்து உள்ளே வருதே, அதுபோல சுமார் 100 முதல் ஒரு லட்சம் சூரிய நிறை வரையுள்ள லென்சில் அலைகள் வளைந்து குறுக்கிடும். மாடலில் விடுபட்ட பிரிசெஷனோ (சுற்றுத்தளத் தள்ளாட்டம்) நீள்வட்டச் சுற்றோ அதே தோற்றம் தரும். கணினி உருவகத்தில் பயிற்சி பெற்ற என்ஆர்சர்7டிக்யூ4 மாடல் துல்லியம், ஆனால் சுமார் 20 சுற்றுதான் நீளம், நிறை விகிதம் 4 வரைதான் பயிற்சி. லென்ஸ் இல்லாத சிக்னலை அதில் உருவாக்கி இரைச்சலில் புகுத்தி, உங்கள் மாடலின் லென்ஸ் வடிவத்தால் மீட்டுப் பாருங்க. பொய்யாக எவ்வளவு பெரிய பேய்ஸ் காரணி வருதோ, உங்கள் விடை அதைத் தாண்டணும்.