வேலியடிப் புல்லை வெட்டுவது யார்?

படுவான்கரையான்:
"கூட்டத்தில் எல்லாத் தரப்பும் கையெழுத்திட்டாயிற்று; மின்வேலி வந்தால் யானைத் தொல்லை தீர்ந்தது" என்று நேற்று எழுவான் காற்று இங்கே எழுதியிருக்கிறார். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் இருந்துகொண்டு எதையும் தீர்த்துவைக்கலாம். போன மாதம் யானை என் குசினிச் சுவரைத் தள்ளி, இரண்டு மூட்டை நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. உப்புப் பானையையும் விடவில்லை. ஒன்று கேட்கிறேன்: வேலியடிப் புல்லை வெட்டுவது யார்?

எழுவான் காற்று:
வனஜீவராசிகள் திணைக்களம், கமக்காரர் அமைப்பு, கிராம சேவகர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்ததே பெரிய காரியம். நீங்கள் புல்லில் நிற்கிறீர்கள். எதற்கும் நொட்டை சொல்வது உங்கள் கரையின் வழக்கம்.

படுவான்கரையான்:
மேசையில் புல் முளைக்காது தம்பி. மாரியில் கொடி ஏறிக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். நல்ல கம்பியையே கொம்பன் தந்தத்தால் தள்ளிச் சாய்க்கும். தந்தத்தில் மின்சாரம் பிடிக்காது. வெட்டுவது யார்?

சம்மாந்துறை வயல்காரன்:
காட்டெல்லையில் வேலி போட்டால் இரண்டு பக்கமும் யானை நிற்கும். ஊரையும் வயலையும் சுற்றிப் போடுங்கள், அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றுங்கள் என்று யானை-மனித மோதலைக் குறைக்க 2020இல் தயாரித்த தேசியச் செயற்றிட்டமே சொல்கிறது. அப்போது வயல்காரனே வெட்டுவான்.

படுவான்கரையான்:
எந்த வயல்காரன், காக்கா? குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரரான போடியாரைக் காட்டுவான். போடியார் கல்முனையில் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து வெட்டுவாரா?

பட்டிக்காரன்:
மாட்டை விடுங்கள், அது மேய்ந்துவிடும். மேய்ச்சல்தரையை வயலாக்கியவர்களுக்கு இப்போது புல் பாரமாகிவிட்டது!

சம்மாந்துறை வயல்காரன்:
மாட்டை விடுவதற்காகக் கம்பியை அறுத்தவர்களும் நீங்கள்தானே?

பட்டிக்காரன்:
பார்த்தீர்களா? பரண் காவலில் யானை வெடியைக் கொளுத்தாமலே ஓடிய ஒருவர் இங்கே பெரிய கேள்வி கேட்கிறார். அதையும் பேசுவோமா?

படுவான்கரையான்:
ஓடியது என் மைத்துனன். வெடி நனைந்திருந்தது. புல்லுக்கு வாருங்கள்.

எழுவான் காற்று:
கூட்டக் குறிப்பில் தெளிவாக இருக்கிறது: "பராமரிப்பு: சம்பந்தப்பட்ட தரப்பினர்."

படுவான்கரையான்:
சம்பந்தப்பட்ட தரப்பினருக்குக் கத்தியை நானே வாங்கித் தருகிறேன். ஆளைக் காட்டும். திணைக்களமா? கமக்காரரா? நீரா?

எழுவான் காற்று:
உங்களைப் போன்றவர்களோடு எந்த இணக்கமும் வராது.

படுவான்கரையான்:
சரி, வரவேண்டாம். வெட்டுவது யார்?

பட்டிக்காரன்:
மைத்துனனா? சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பட்டிக்குள் வந்து விழுந்தவரை எனக்குத் தெரியாதா?