பழைய பாலத்தைத் திரும்பத் திறக்கலாமா, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நான் பாலங்கள இன்ஸ்பெக்‌ஷன் பண்ற வேலையில இருந்தவன். நூறு வருஷம் தாண்டுன இரும்பு நடைபாலம் ஒண்ணு, ரொம்ப நாளா மூடிக் கெடந்துச்சு, தொறக்கலாமா வேணாமான்னு பாக்க எங்களை அனுப்புனாங்க. மேல பெயின்ட் பளபளன்னு இருக்கவும் கூட வந்தவங்க பலகைய மாத்திட்டு விட்ரலாம்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. சீனியர் ஒரு சின்ன சுத்தியல கையில குடுத்து ஒவ்வொரு ரிவெட்டா (தகடுகள சேத்துப் பிடிக்கற இரும்பு ஆணி) தட்டுப்பான்னார். இறுக்கமா இருக்கறது கணீர்னு கேக்கும், லூசானது மொத்துன்னு விழும், அந்தப் பக்கம் விரல் வச்சா ஆடுறதும் தெரியும். லூசானதுக்கெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டே போனேன், மதியத்துக்குள்ள ரெண்டு டப்பா காலி. தகடும் தகடும் சேர்ற எடத்துல பெயின்ட சுரண்டுனா துரு பட்டை பட்டையா உரியுது, உள்ள ஊதிப்போய் தகடே பிதுங்கிக்கிட்டு நிக்குது.

குஜராத் மோர்பி தொங்கு பாலத்த மறக்க முடியல. 2022 அக்டோபர் 26ம் தேதி புதுப்பிச்சாச்சுன்னு தொறந்தாங்க, 30ம் தேதி விழுந்து 135 பேர் போய்ட்டாங்க. ஒரு மெயின் கேபிள்ல இருந்த 49 கம்பியில 22 கம்பி முன்னாடியே துருப்பிடிச்சு இருந்ததா விசாரணைக் குழு சொல்லுச்சு. மரப்பலகைய எடுத்துட்டு அலுமினியம் போட்டாங்க, கேபிள் அதே பழசு. மனசு ஆறவே மாட்டேங்குது.

---

நீங்க சொல்றது சரிதான், ஆனா மூடுன பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்தவன் நான். எங்க அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவ ஆஸ்பத்திரி, அக்கரைதான், பாலத்துல நடந்தா பத்து நிமிஷம், மூடுனப்புறம் சுத்திக்கிட்டு முக்கா மணி நேரம். தடுப்புக் கம்பிய பிடிச்சிக்கிட்டு அந்தக் கரைய பாத்துட்டே நிப்பாங்க. "ஆபத்துன்னா சரிப்பா, என்ன ஆபத்துன்னாவது சொல்லக் கூடாதா"ன்னு கேப்பாங்க. போர்டு மட்டும் வச்சிட்டுப் போய்ட்டாங்க, வருஷக்கணக்கா யாரும் வந்து ஒரு வார்த்த சொல்லல.

---

அம்மா கேட்டது நியாயமான கேள்விங்க. முழுசா தொறக்கறது இல்லன்னா மொத்தமா மூடறதுன்னு ரெண்டே வழின்னு நெனச்சிடறாங்க. லண்டன் ஹேமர்ஸ்மித் பாலம் 1887ல கட்டுனது. 2019ல வண்டிய நிறுத்துனாங்க, 2020 ஆகஸ்ட்ல வெயிலுக்கு விரிசல் பெருசாகவும் நடக்கறவங்களயும் நிறுத்திட்டாங்க. அப்புறம் விரிசல் எடத்துல சூடு ஏறாம இருக்க ஏற்பாடு பண்ணி, சென்சார் வச்சுக் கவனிச்சு, 2021 ஜூலைல நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டாங்க. எதனால மூடுறோம், எது சரியானா தொறப்போம்னு சொல்லிட்டா ஜனங்க பொறுத்துக்குவாங்கன்னு நான் நம்புறேன்.

எங்க பாலத்துல லூசான ரிவெட்ட எடுத்துட்டு போல்ட் போட்டோம், ஊதுன தகட்ட மாத்துனோம், தண்ணிக்கு அடியில தூண் கால்ல மண் அரிச்சிருக்கான்னு ஆள எறக்கிப் பாத்தோம் (இத நெறைய பேரு விட்டுடறாங்க, பாலம் விழறதுக்கு பெரிய காரணமே இதுதான்). கடைசியா லோடு டெஸ்ட். மணல் மூட்டைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, நடுவுல எத்தன மில்லிமீட்டர் இறங்குதுன்னு அளந்து, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு எறக்குனோம். பழைய மட்டத்துக்குத் திரும்பி வரணும். சீனியர் இறக்கத்த அளக்கற கேஜ்லருந்து கண்ணெடுக்கல, கரையில நின்ன ஜனம் ஒருத்தரும் பேசல. முள்ளு மெதுவா ஏறி, ஆரம்பத்துல போட்ட கோட்டுக்கிட்ட வந்து நின்னுச்சு. சீனியர் என் தோள இறுக்கிப் பிடிச்சார். அடுத்த வாரம் நடக்கறவங்களுக்கு மட்டும் தொறந்து விட்டாங்க.