பூர்வகுடி வரலாற்றுப் பாடத்துக்கு உங்கள் வழிகாட்டல் தேவை

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புக்குச் சமூகக்கல்வி கற்பிக்கிறேன். 1713ஆம் ஆண்டுக்கு முன்னர் பூர்வகுடிகளுக்கும் ஐரோப்பியருக்கும் இடையே நிலவிய உறவு எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் கிடைக்கும் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் படகு, உரோம வணிகம் என்று இறந்தகாலத்திலேயே நின்றுவிடுவதால், அம்மக்கள் இன்றும் தம் மொழியோடும் ஆட்சிமுறையோடும் வாழ்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பான ஹோடனோஷோனி மக்களின் இருவரிசை வாம்பம் பட்டையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். சிப்பி மணிகளால் கோத்த அந்த வெண்பட்டையில் இரண்டு ஊதா வரிசைகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று அவர்களுடைய படகு, மற்றது வந்தவர்களின் கப்பல், ஒன்றை மற்றது திசைதிருப்பக் கூடாது என்பதே உடன்பாடு. அதை வண்ணம் தீட்டும் கைவேலையாகச் சுருக்க எனக்கு மனமில்லை. அது ஓர் உடன்படிக்கை ஆவணம்.

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்தும் மொழியிடமிருந்தும் பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றிப் பேசுவதுதான் மிகக் கடினம். 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றுக்கு அனுப்பப்பட்டார்கள். அவற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 செயலுக்கான அழைப்புகளில் 62ஆவது, இவ்வரலாற்றை வயதுக்கேற்பக் கற்பிக்கக் கோருகிறது. என் வகுப்பிலோ, போரினால் உறவுகளைப் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பத்து வயதுப் பிள்ளைகளிடம் இதை எந்தச் சொற்களில், எவ்வளவு தூரம் சொன்னீர்கள்? பூர்வகுடி எழுத்தாளர்களே படைத்த சிறுவர் நூல்களில் எவை வகுப்பில் பயன்பட்டன? சமூக மூத்தவர் ஒருவரை அழைக்கும்போது அவர்களுடைய மரபுப்படி எதைக் கொடுத்து, எப்படிக் கேட்பது முறை? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.